தொய்வுக்கும் செலவுக்கும் நடுவே ஒரு கோடு

1964ஆம் ஆண்டு, பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இங்கோ ரெஹென்பெர்க், ஹான்ஸ்-பால் ஷ்வேஃபெல், பீட்டர் பீனெர்ட் என்ற மூன்று மாணவர்கள் ஆறு பட்டைகளைக் கீல் போட்டுக் கோத்து ஒரு தகடு செய்து, காற்றுச் சுரங்கத்துக்குள் நிறுத்தினார்கள். பட்டைகளுக்கு நடுவே ஐந்து கீல்கள். ஒவ்வொரு கீலையும் 51 நிலைகளில் ஏதாவது ஒன்றில் பூட்டி வைக்கலாம். தகட்டைக் கோணல்மாணலாக மடக்கிவிட்டு, எந்த வடிவத்தில் காற்றின் இழுவை மிகக் குறைவு என்று தேடத் தொடங்கினார்கள்.

விடை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தட்டையாக நீட்டி வைத்தால் இழுவை குறையும். விடை தெரிந்த கணக்கில்தான் புது முறையை உரசிப் பார்க்க முடியும் என்பதால் வேண்டுமென்றே அதை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து கீல், ஒவ்வொன்றுக்கும் 51 நிலை என்றால் மொத்த வடிவங்கள் 34 கோடியே 50 லட்சத்துக்கு மேல். ஒன்றை அளக்க ஒரு நிமிடம் என்றாலும் எல்லாவற்றையும் அளந்து முடிக்க 650 ஆண்டு ஆகும். ஒரு கீலை மட்டும் திருப்பிப் பார்த்து, இழுவை குறைந்தால் அப்படியே வைத்துவிட்டு அடுத்த கீலுக்குப் போகும் வழக்கமான வழி பாதியிலேயே சிக்கிக்கொண்டது. ஒரு கீலுக்கு எந்த நிலை நல்லது என்பதை மற்ற நான்கும்தான் தீர்மானிக்கின்றன. தனித்தனியாகத் திருத்தினால் காரியம் ஆகாது.

ரெஹென்பெர்க் உயிரியலின் பக்கம் திரும்பினார். பரிணாமத்தைப் போலத் தற்செயலாக மாற்றிப் பார்த்து, நல்லதை மட்டும் வைத்துக்கொள்வது என்பது யோசனை. வரிசையாக ஆணி அடித்த சாய்வுப் பலகையின் உச்சியிலிருந்து ஒரு குண்டை உருட்டிவிட்டால் அது ஆணிகளில் தட்டித் தட்டி இறங்கி, பெரும்பாலும் நடுவிலும் எப்போதாவது ஓரத்திலும் போய் விழும். அது விழுந்த இடத்தைப் பார்த்துக் கீலை எத்தனை படி திருப்புவது என்று முடிவு செய்தார்கள். சிறிய மாற்றம் அடிக்கடி வரும், பெரிய மாற்றம் அபூர்வமாக வரும். ஐந்து கீல்களையும் ஒரே நேரத்தில் மாற்றுவார்கள். புது வடிவத்தின் இழுவை பழையதைவிடக் குறைந்தால் அது நிலைக்கும். இல்லாவிட்டால் பழைய வடிவத்துக்கே திரும்புவார்கள். முறை முழுவதும் இவ்வளவுதான். சில நூறு முறைக்குள் கோணல் தகடு தட்டையாகிவிட்டது.

இதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒதுக்கியவர்களுக்குப் பதில் சொன்னது ஷ்வேஃபெலின் அடுத்த சோதனை. 1960களின் இறுதியில் அவர் எடுத்துக்கொண்டது ஒரு நாசில். அழுத்தத்தில் இருக்கும் சுடுநீர் அதற்குள் நுழைந்து, போகும் வழியிலேயே ஓரளவு ஆவியாகி, நீரும் ஆவியும் கலந்த தாரையாக ஒலியைவிட வேகமாக வெளியேற வேண்டும். அந்தக் கலவை உள்ளே எப்படி ஓடும் என்று அன்று யாராலும் சரியாகக் கணக்கிட முடியவில்லை. எனவே நடுவில் துளையிட்ட உலோக வளையங்களைப் பல அளவுகளில் கடைந்து வைத்துக்கொண்டார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நாசில். ஒரு வளையத்தை மாற்றினால், கூட்டினால், எடுத்தால் புது நாசில். பாடப்புத்தகத்தில் உள்ளபடி குறுகி விரியும் வடிவத்தில் தொடங்கியபோது செயல்திறன் சுமார் 55 விழுக்காடு. முடிவில் ஏறக்குறைய 80. வந்து சேர்ந்த வடிவமோ எந்தப் பொறியாளரும் வரையத் துணியாதது. குழலுக்கு நடுவே அறை அறையாகப் புடைத்து, மேடும் பள்ளமுமாக இருந்தது. முதலில் வேலை செய்தது, பிறகுதான் ஏன் வேலை செய்கிறது என்று யோசித்தார்கள்.

இந்த இரண்டு சோதனைகளிலும் ஒரே ஒரு தாய் வடிவம், அதிலிருந்து ஒரே ஒரு சேய் வடிவம். அதே காலத்தில் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹாலண்ட் தனியாக வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். அவருடைய முறையில் ஒரு கூட்டமே இருக்கும். கூட்டத்தில் தேறியவை இரண்டிரண்டாகச் சேர்ந்து தம் எண்களைப் பாதிப் பாதியாகக் கலந்து வாரிசுகளைத் தரும், வாரிசுகளில் அங்கங்கே சிறு திடீர்மாற்றம் நடக்கும், தேறாதவை கழிந்துபோகும். மரபணு அல்காரிதம் என்று பெயர் பெற்ற இம்முறையை விளக்கிய அவருடைய நூல் 1975இல் வந்தது. ஹாலண்டின் மாணவர் டேவிட் கோல்ட்பெர்க் 1983இல் எரிவாயுக் குழாய்த் தொடர்களை இயக்கும் கணக்குக்கு இதைப் பயன்படுத்தியதும் பொறியாளர்கள் கவனிக்கத் தொடங்கினார்கள்.

இயந்திர அமைப்புகளில் இதற்கு என் மனத்துக்குப் பிடித்த உதாரணம் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல. நெதர்லாந்தின் தியோ யான்சன் பிளாஸ்டிக் மின்குழாய்களைக் கொண்டு கடற்கரையில் காற்றால் நடக்கும் ராட்சத உருவங்களைச் செய்பவர். டெல்ஃப்ட்டில் இயற்பியல் படித்துவிட்டுக் கலைஞரானவர். 1990இல் அவருக்கு ஒரு கால் தேவைப்பட்டது. ஒரு முனையில் சுழல்தண்டு வட்டமாகச் சுற்ற வேண்டும். மறுமுனையில் பாதம் தரையில் பட்டிருக்கும் நேரம் முழுவதும் ஒரே மட்டத்தில் நேராக நகர்ந்து, பிறகு சட்டென்று எழும்பி முன்னால் வந்து ஊன்ற வேண்டும். பாதம் மேலும் கீழும் போனால் உடம்பு குலுங்கும், மணலில் சக்தி வீணாகும். அவருடைய அட்டாரி கணினி தண்டுகளின் நீளத்தைத் தாறுமாறாக வைத்து 1,500 கால்களை உருவாக்கியது. அவற்றில் பாதத்தின் தடம் ஓரளவு சரியாக வந்த 100 கால்கள் மட்டும் பிழைத்து, தம் நீளங்களைக் கலந்து அடுத்த 1,500ஐப் பெற்றன. இப்படி மாதக்கணக்கில் கணினி இரவும் பகலும் ஓடிக் கடைசியில் தந்தது 11 எண்கள். ‘புனித எண்கள்’ என்று அவற்றை அவர் பகிரங்கமாக வெளியிட்டிருக்கிறார்; உலகமெங்கும் பள்ளிப் பிள்ளைகள் அந்த அளவில் ஐஸ் குச்சிகளை வெட்டி நடக்கும் பொம்மை செய்கிறார்கள்.

யான்சனின் காலுக்குக் குறிக்கோள் ஒன்றே: தடம் சரியாக வர வேண்டும். தொழிற்சாலையில் வடிவமைப்பவருக்கு அந்தச் சுகம் கிடைப்பதில்லை. எடை குறைய வேண்டும், ஆனால் வளையக் கூடாது. மலிவாக இருக்க வேண்டும், ஆனால் பத்தாண்டு உழைக்க வேண்டும். ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர் விலையும் மைலேஜும் பார்க்கிறார். விலையும் அதிகம், மைலேஜும் குறைவு என்ற வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு கழித்துவிடலாம். கழித்த பிறகும் நாலைந்து வண்டி மிஞ்சும். அவற்றில் ஒன்றைவிட இன்னொன்று எல்லா வகையிலும் மேல் என்று சொல்ல முடியாது. ஒன்றில் லாபம் என்றால் மற்றதில் நட்டம். இப்படி மிஞ்சுகிறவற்றின் தொகுப்புக்குப் பரேட்டோ முகப்பு என்று பெயர். வில்ஃப்ரெடோ பரேட்டோவைப் பொருளாதார மேதை என்றுதான் நமக்குத் தெரியும். அவர் படித்தது பொறியியல். டூரினில் எழுதிய ஆய்வேடு திடப்பொருள்களின் மீள்தன்மை பற்றியது. பிறகு ரயில்வேயிலும் இரும்பாலையிலும் வேலை பார்த்தவர். உத்திரம் வளைவதைப் பற்றிப் பேசும்போது அவர் பெயர் அடிபடுவது பொருத்தம்தான்.

இந்த முகப்பு முழுவதையும் ஒரே ஓட்டத்தில் பிடித்துத் தரும் முறைகளில் உலகம் அதிகம் பயன்படுத்துவது இந்தியாவில் பிறந்தது. கரக்பூர் ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்து, அலபாமாவில் கோல்ட்பெர்க்கிடம் முனைவர் பட்டம் பெற்ற கல்யாண்மய் தேப், கான்பூர் ஐஐடியில் பேராசிரியராக இருந்தபோது மூன்று பேருடன் சேர்ந்து 2002இல் வெளியிட்ட என்எஸ்ஜிஏ-2 என்ற அல்காரிதம் அது. அதன் சூட்சுமம் இரண்டு. முதலாவது, கூட்டத்தில் யாரிடமும் முழுத் தோல்வி அடையாத வடிவங்களை முதல் அடுக்காகப் பிரிப்பது. அவற்றை எடுத்துவிட்டால் மிச்சத்தில் தோற்காதவை இரண்டாம் அடுக்கு. இப்படியே கடைசி வரை. தாயும் சேயும் ஒரே வரிசையில் நின்று போட்டியிட்டு, மேல் அடுக்கில் இருப்பவை பிழைக்கும். இரண்டாவது, ஒரே அடுக்கில் இருக்கும் இருவரில் யாரை வைத்துக்கொள்வது என்ற கேள்வி வந்தால், நெரிசல் இல்லாத இடத்தில் தனியாக நிற்பவருக்கு முன்னுரிமை. எல்லாரும் ஒரே மூலையில் குவியாமல் முகப்பு நெடுகப் பரவி நிற்பது இதனால்தான்.

பரவி நிற்பதால் என்ன லாபம்? ஒரு கணக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். வடிவமைப்பு வகுப்புகளில் பலகாலமாகப் புழங்கும் வெல்டிங் உத்திரம் அது. ஒரு எஃகுப் பட்டையைத் தூணோடு வெல்டிங் செய்கிறோம். 14 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் 6,000 பவுண்டு, அதாவது சுமார் 2,700 கிலோ தொங்குகிறது. நாம் முடிவு செய்ய வேண்டியவை நான்கு எண்கள்: வெல்டிங்கின் தடிமன், அதன் நீளம், பட்டையின் உயரம், பட்டையின் அகலம். உயரம் 10 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அகலம் 5 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. வெல்டிங் விட்டுப்போகக் கூடாது, பட்டை முறியக் கூடாது, பக்கவாட்டில் நெளியக் கூடாது, வெல்டிங் பட்டையைவிடத் தடிப்பாக இருக்கக் கூடாது. குறிக்கோள் இரண்டு: செலவும் குறைய வேண்டும், முனையின் தொய்வும் குறைய வேண்டும்.

மிக மலிவான வடிவம் என்று மட்டும் கேட்டால் கிடைப்பது ஏறக்குறைய 211 மி.மீ. உயரம், 6.2 மி.மீ. அகலமுள்ள பட்டை. செலவு 2.38 அலகு, தொய்வு 0.40 மி.மீ. தொய்வே கூடாது என்று கேட்டால் 254 மி.மீ. உயரம், 127 மி.மீ. அகலம். அதைப் பட்டை என்று சொல்வதே தவறு, இரும்புப் பாளம். செலவு 36.44, தொய்வு 0.011 மி.மீ. இரண்டு விடைகளும் சரி. ஆனால் இந்த இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது.

செலவைக் கிடை அச்சிலும் தொய்வைச் செங்குத்து அச்சிலும் வைத்து, இடையில் உள்ள வடிவங்களையெல்லாம் புள்ளியாக வரைந்தால் கதை மாறுகிறது. கோடு முதலில் மலைச்சரிவாக இறங்கி, பிறகு திரும்பி, தரையோடு தரையாக நீண்டுகொண்டே போகிறது. சரிவின் தொடக்கத்தில் 254 மி.மீ. உயரமும் 6 மி.மீ. அகலமும் உள்ள ஒரு பட்டை இருக்கிறது. செலவு சுமார் 2.49. மிக மலிவானதைவிட நூற்றுக்கு ஐந்துகூட அதிகமில்லை, தொய்வோ 0.24 மி.மீ., நூற்றுக்கு நாற்பது குறைவு. அகலத்தை 12.7 மி.மீ. ஆக்கினால் செலவு சுமார் 4.4, தொய்வு 0.11 மி.மீ. அங்கிருந்து பாளம் வரை போனால் செலவு எட்டு மடங்கு ஏறுகிறது, கிடைப்பது 0.1 மி.மீ. மட்டும். எங்கே நிற்க வேண்டும் என்று இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘மிக மலிவானது எது’ என்று கேட்டுவிட்டு வந்த விடையோடு போயிருந்தால், ஐந்து பைசாவுக்குக் கிடைத்திருக்கக்கூடிய நாற்பது பைசாச் சரக்கைக் கடையிலேயே விட்டு வந்திருப்போம்.

படம் இன்னொன்றையும் காட்டுகிறது. முகப்பில் உள்ள வடிவங்களின் நான்கு எண்களையும் தனித்தனியாக வரைந்து பார்த்தால், மலிவு முனையில் உள்ள சிலவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பட்டையின் உயரம் 10 அங்குல வரம்பிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. மாறுவது அகலம்தான், அகலம் இரட்டித்தால் தொய்வு பாதியாகிறது. காரணம் பாடத்தில் படித்ததே: விறைப்பு அகலத்தோடு நேராகவும், உயரத்தோடு மூன்றாம் அடுக்காகவும் ஏறும். ஆகவே உயரத்தை முதலில் தீர்த்துவிட்டுத்தான் அகலத்துக்குப் போக வேண்டும். ஆனால் பொறியாளர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த 10 அங்குல வரம்பை யார் வைத்தது? கிடங்கில் அதற்கு மேல் சரக்கு இல்லை என்பதாலா, வேறு ஏதாவது இடிக்கும் என்பதாலா, யாரோ எப்போதோ எழுதிவைத்ததாலா? அந்த வரம்பைக் கொஞ்சம் தளர்த்த முடிந்தால் முகப்பு முழுவதுமே கீழே இறங்கும். எந்த அல்காரிதமும் இதைத் தானாகக் கேட்காது. சிறந்த விடைகளின் கூட்டத்தை ஆராய்ந்து அவற்றுக்குள் பொதுவாக ஓடும் விதியைக் கண்டெடுக்கும் இந்த வேலைக்கு தேப் 2006இல் ‘இன்னோவைசேஷன்’ என்று பெயர் வைத்தார். அவர் கையாண்ட உதாரணங்களில் இந்த உத்திரமும் ஒன்று.

இரண்டு குறிக்கோள் என்றால் ஒரு தாள் போதும். நான்கு, ஐந்து என்று போகும்போது தாளில் அச்சு இருக்காது. அங்கே கைகொடுப்பவற்றுள் எனக்கு நம்பிக்கையானது இணை அச்சுப் படம். 1980களில் ஆல்ஃபிரெட் இன்செல்பெர்க் பரப்பிய முறை. அச்சுகளைச் செங்குத்தாக நட்டு வரிசையாக நிறுத்துவோம்: செலவு, தொய்வு, எடை, உயரம், அகலம். ஒரு வடிவம் என்பது இந்த அச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும் ஒரு முறிகோடு. பக்கத்துப் பக்கத்து அச்சுகளுக்கிடையே கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டால் அந்த இரண்டுக்கும் ஆகாது என்று பொருள். இணையாகப் போனால் ஒன்றைக் கவனித்தால் மற்றது தானாக வரும். நம் உத்திரத்தை இப்படி வரைந்தால் உயர அச்சில் பெரும்பாலான கோடுகளும் உச்சிப் புள்ளியில் போய்க் குவிவது பார்த்தவுடன் தெரியும். திரையில் தொய்வு அச்சின் ஒரு துண்டைச் சுட்டியால் பிடித்து ‘0.2 மி.மீ.க்குக் கீழே மட்டும்’ என்றால் மற்ற கோடுகள் மங்கிவிடும். மிஞ்சியவை அகல அச்சில் எங்கே விழுகின்றன என்று பார்த்துக்கொண்டே பேசலாம். வடிவமைப்பாளரும் கணக்குப் பிரிவும் ஒரே மேசையில் உட்கார இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அச்சுகளின் வரிசையை மாற்றினால் படம் வேறு கதை சொல்லும் என்பது இதன் குறை. இரண்டு மூன்று வரிசையில் மாற்றிப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

எண்கள் இன்னும் பெருகினால் அதுவும் நெரிசலாகிவிடும். ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஷிகெரு ஒபயாஷியும் சசாகியும் 2003இல் காட்டிய உதாரணம் ஒலிமிஞ்சு விமானத்தின் இறக்கை: 72 மாறிகள், நான்கு குறிக்கோள்கள். பரிணாமம் தந்த வடிவங்களை ஃபின்லாந்தின் தெய்வோ கோஹொனென் 1982இல் வகுத்த தன்னமைவு வரைபடத்தில் பரப்பினார்கள். ஒத்த வடிவங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் தட்டையான வரைபடம் அது. அதையே ஒவ்வொரு குறிக்கோளுக்கும் ஒருமுறை வண்ணம் தீட்டி வரிசையாக வைத்தால், எந்தப் பகுதியில் எது நன்று, எது எதோடு மோதுகிறது என்பது நிறத்திலேயே தெரிகிறது.

பரிணாமத்தின் விலையையும் சொல்ல வேண்டும். அது கேட்கும் சோதனைகளின் எண்ணிக்கை சாதாரணமல்ல. 2007இல் ஓடத் தொடங்கிய ஜப்பானின் என்700 ஷின்கான்சென் ரயிலின் மூக்கு மரபணு அல்காரிதத்தால் அமைந்தது. ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போது எழும் அழுத்த அலை மறுவாயில் வெடிச்சத்தமாக வெளியேறி ஊரை எழுப்பிவிடாமல் இருக்க வேண்டும். அதற்காகக் கணினியில் அலசப்பட்ட வடிவங்கள் சுமார் 5,000. முந்தைய 700 வகையின் மூக்கு 9.2 மீட்டர், இதன் மூக்கு 10.7 மீட்டர், ஒன்றரை மீட்டர் மட்டும் நீட்டி, இறக்கை விரித்த பறவை போன்ற வடிவத்தில் சமாளித்தார்கள். ஒரு வடிவத்தை அலச ஒரு மணி நேரம் என்றாலும் 5,000க்கு ஏழு மாதம் ஆகிவிடும். பல கணினிகள் சேர்ந்து உழைத்தால்தான் நடக்கும். ஆகவே ஒரே குறிக்கோள், வழவழப்பான சார்பு, வகைக்கெழு எடுக்க முடியும் என்ற நிலை இருந்தால் பழைய நுண்கணித முறைக்கே போங்கள். சில பத்துப் படிகளில் முடியும் வேலைக்குப் பரிணாமத்தைக் கூப்பிடுவது வீண் செலவு. அது தரும் விடையே மிகச் சிறந்தது என்ற உத்தரவாதமும் கிடையாது.

இதைவிடப் பெரிய ஆபத்து, சொல்லாமல் விட்ட நிபந்தனையை அல்காரிதம் மதிக்காது என்பது. அதே உத்திரத்தில் ‘வெல்டிங் பட்டையைவிடத் தடிப்பாக இருக்கக் கூடாது’ என்ற ஒரு வரியை நீக்கிப் பாருங்கள். 6.2 மி.மீ. பட்டைக்கு அதைவிடத் தடித்த வெல்டிங் போட்டு, நீளத்தைக் குறைத்து, 2.38க்கும் குறைந்த செலவில் ஒரு வடிவத்தைக் கொண்டுவந்து வைக்கும். கணக்கில் ஒரு தவறும் இருக்காது. பட்டறையில் வெல்டரிடம் காட்டினால் சிரிப்பார். எண்களின் பட்டியலில் இது கண்ணில் படாமல் போகலாம். வரைந்து பார்த்தால் தப்பாது. வடிவமைப்பில் காட்சிப்படுத்தலைக் கடைசியில் அறிக்கைக்கு ஒட்டும் வண்ணப்படமாக நினைப்பவர்கள் நம் கல்லூரிகளில் இன்னும் அதிகம். பரிணாமத்தை ஓட்டுவது இப்போது எளிது, வந்ததைப் படிப்பதுதான் வேலை என்பேன்.

இயந்திரவியல் படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதை எடுத்துக்கொள்ளலாம். பைமூ என்ற பைத்தான் நூலகத்தில் என்எஸ்ஜிஏ-2 தயாராக இருக்கிறது, இலவசம். உத்திரக் கணக்குக்குச் சாதாரண மடிக்கணினியில் சில விநாடிகள் போதும். ஓட்டியபின் வரும் முதல் விடையை எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள்; முகப்பு முழுவதையும் வரையுங்கள், நான்கு மாறிகளையும் தனித்தனியாக வரையுங்கள், எது வரம்பில் முட்டி நிற்கிறது என்று பாருங்கள், பிறகு அந்தப் படத்தைக் கல்லூரிப் பட்டறையில் வெல்டிங் சொல்லித்தருபவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு அறிக்கை எழுதுங்கள்.